ரப்பருக்கு ஓர் ஓய்வறை

சிலருக்குப் பெண் அமையாது, ஆனால் பெண் பார்க்கப் போன வீடுகளின் பஜ்ஜி மட்டும் தவறாமல் அமையும். இசக்கிபாண்டியின் ஜாதகம் அப்படிப்பட்டது. ஒரகடம் வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் அவனை நிரந்தரமாக வைத்துக்கொண்டதில்லை. ஆனால் இன்டர்வியூவுக்குக் கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமை அபூர்வம்.

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர்க்காரன். டிப்ளமோ முடித்துவிட்டு, ஊர்க்காரப் பையன்கள் எல்லோரும் ஏறிய அதே பஸ்ஸில் ஏறி வந்தவன். சுங்குவார்சத்திரத்தில், லாட்ஜுக்குப் பின்புறம், ஆளுக்கு ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட அறை ஒன்றில் இருந்தான். ஷிப்ட் மாறிமாறி வருவதால் ஒரே பாயில் இரண்டு பேர் குடித்தனம் நடத்தலாம் என்பது வீட்டு ஓனரின் கண்டுபிடிப்பு. அந்தக் கண்டுபிடிப்புக்கு விருது எதுவும் கிடைக்கவில்லை. வாடகை மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது.

அந்த வட்டாரத்தில் கம்பெனிகளுக்கு வாயில் நுழையாத பெயர்கள் உண்டு. அதனால் கேட்டின் நிறத்தை வைத்தே பேசுவார்கள். இசக்கிபாண்டி வேலை பார்த்தது பச்சை கேட்டில். கார்க் கதவின் ஓரத்தில் ஓடுகிற கறுப்பு ரப்பர் பட்டை, பீடிங் என்பார்கள், அதற்கு ஒட்டு டேப் போடும் லைன். கான்ட்ராக்ட் வேலை. சட்டம் இவனை நிரந்தரம் என்று நினைத்துவிடுமோ என்ற பயம் வரும் சமயத்தில் கான்ட்ராக்டர் அடையாளக் கார்டைப் பிடுங்கிக்கொள்வார். பிறகு வேறொரு கேட், வேறொரு நிறக் கயிற்றில் வேறொரு கார்டு. கழுத்து மட்டும் அதேதான்.

இந்தக் கழுத்தில் மாலை விழ வேண்டுமென்றால் கயிறு நிலையாக வேண்டும் என்று ஆகிவிட்டது. சுகப்பிரியா அவனுக்குத் தூரத்து உறவு, நெடுஞ்சாலையோரம் செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் லைனில் நிற்பவள், ஹாஸ்டல் வாசம். இருவருக்கும் பிடித்துப்போய் வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. அவளுடைய அப்பா மாசானம் சாதி, நட்சத்திரம், தாய்மாமன் முறை எதையும் கிளறவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

“பையன் பெர்மனென்டா? கான்ட்ராக்ட் மாப்பிள்ளைக்குக் கான்ட்ராக்டாவா கட்டிக்குடுக்க முடியும்?”

தை வரைக்கும் பார்ப்பதாகவும், இல்லாவிட்டால் ராஜபாளையத்திலிருந்து வந்திருக்கும் இடத்துக்குத் தலையாட்டிவிடப் போவதாகவும் அவர் சொல்லிவிட்டார். அதனால் நிரந்தர வேலை என்ற இரண்டு சொற்களைக் காட்டி யார் கூப்பிட்டாலும் இசக்கிபாண்டி போனான்.

நீல கேட்டிலிருந்து போன் வந்தது இந்தச் சமயத்தில்தான்.

நீல கேட்டின் முதலாளி அதற்குச் சிறிது நாள் முன்பு ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்திருந்தார். வளரும் கம்பெனி தன் மூளையை மட்டும் நம்பாது, வெளியிலிருக்கும் அறிவை உள்ளே கொண்டுவரும் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். தவறான கருத்து என்று சொல்ல முடியாது. நல்ல கருத்துகளுக்கு வரும் கண்டம் எல்லாம் அவை மேல்மாடியிலிருந்து படியிறங்கி வரும்போதுதான் வரும். ‘அறிவு நம் கேட்டுக்கு வெளியே இருக்கிறது’ என்று பெரிய பலகை எழுதி, கேட்டுக்கு உள்ளே மாட்டினார்கள். அதற்குக் கீழே தொழிலாளர் ஆலோசனைப் பெட்டி ஒன்று ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டின் சாவி தொலைந்து வெகுகாலம். உள்ளே இருப்பவன் சொன்னால் அது புகார், வெளியே இருப்பவன் சொன்னால் அது புதுமை.

முதலில் ஒரு பொறியியல் கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டார்கள். சால்வை, போட்டோ, மதியச் சாப்பாடு. மாணவர்கள் வந்து லைனைப் படம் பிடித்துப் போய் பிராஜெக்ட் செய்து பாஸானார்கள். கம்பெனிக்குக் கிடைத்தது போட்டோ. அடுத்து, சரக்கு கொடுக்கும் சின்னப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு, உங்கள் யோசனைகளைத் தாராளமாகச் சொல்லுங்கள் என்றார்கள். ஒருவர் தாராளமாகச் சொன்னார். அவருடைய யோசனை அடுத்த மாதமே, குறைந்த ரேட்டுக்கு, வேறொரு பட்டறைக்குப் போனது. அதற்கடுத்த கூட்டத்தில் எல்லோரும் பிரியாணியை மட்டும் பாராட்டினார்கள்.

மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தவர் மனிதவளத்தைப் பார்க்கும் ரகுபதி. வாலாஜாபாத் பக்கத்துக்காரர், பேச்சில் சர்க்கரை. மற்ற கேட்டுகளில் வேலை பார்க்கும் பையன்களை, பெண்களை, அவர்களுக்கு லீவு நாளான ஞாயிற்றுக்கிழமையில் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவது. உங்கள் லைனில் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்பது. வேலை கேட்டு வந்தவன் தனக்குத் தெரிந்ததை மறைக்க மாட்டான். தெரிந்ததைக் காட்டத்தானே வந்திருக்கிறான்? செலவு ஆளுக்கொரு டீ, ஒரு சமோசா. வேலை என்று ஒன்று இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

முதல் ஞாயிறு இசக்கிபாண்டி இஸ்திரி போட்ட சட்டையில் போய் உட்கார்ந்தான். எதிரே ரகுபதி. பக்கத்தில் லேப்டாப்போடு ஜெபகுமார், உற்பத்திப் பிரிவு இன்ஜினியர், தலையைத் தூக்காமல் தட்டச்சு செய்பவர். பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார் என்பதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. பிறகு மழைக்காலத்தில் உங்கள் லைனில் டேப் பிடிக்காமல் எழும்புமா, எழும்பினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் ஜெபகுமார்.

இசக்கிபாண்டி குளிர்ந்துபோனான். பச்சை கேட்டில் இத்தனை மாதங்களில் அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. டேப் ரோலை ஹீட்டர் மெஷினின் முதுகில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கிவிட்டு ஒட்டினால் எழும்பாது என்று சொன்னான். எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று கையால் காட்டினான். உண்மையில் அது அவனுடைய கண்டுபிடிப்பு இல்லை. அதே லைனில் நிற்கும் அறைத்தோழன் மாரிமுத்து சாப்பாட்டு டப்பாவைச் சூடாக வைக்கப் போன இடத்தில் ரோலையும் மறந்து வைத்துவிட்டு வந்ததில் தெரிந்தது. அதை இசக்கிபாண்டி சொல்லவில்லை. இன்டர்வியூவில் யாரும் நன்றியுரை ஆற்றுவதில்லை.

“சூப்பர்ப்பா, கரீட்டா சொல்ற,” என்றார் ரகுபதி. “சமோசா எடுத்துக்க. நாங்க கூப்புடுவோம்.”

கூப்பிடவில்லை. சில வாரம் கழித்து ஷேர் ஆட்டோவில் அவன் முழங்காலில் பாதி உட்கார்ந்திருந்த நீல கேட்டுப் பையன் ஒருவன், தங்கள் லைனில் டேப்பைச் சூடு பண்ண புதுசாக ஒரு பீரோ வந்திருக்கிறது என்று இன்னொருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இசக்கிபாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யோசனையை எடுத்துக்கொண்டவர்கள் ஆளை எடுத்துக்கொள்ளாமல் விடுவார்களா? ஆட்டோவை விட்டு இறங்கியதும் ரகுபதிக்குப் போன் போட்டான். அது ஏற்கெனவே எங்க பிளான்ல இருந்ததுதான் தம்பி, நீ சொன்னதும் அதுவும் ஒண்ணா இருந்துச்சு, அவ்ளோதான் என்று சொல்லிவிட்டார்.

மாரிமுத்துவுக்கு விஷயம் தெரிந்தபோது அவன் கத்தவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: “வித்திருந்தாக்கூடப் பரவால்லடே. சும்மா குடுத்துட்டு, அதுக்குச் சட்டைய வேற இஸ்திரி போட்டுட்டுப் போயிருக்க.”

அன்றைக்கு இசக்கிபாண்டிக்குக் குமட்டியது. பழைய எண்ணெயில் பொரித்த சமோசா பல வாரம் கழித்துத் தொண்டைக்கு ஏறி வருவதுபோல. ஆனால் குமட்டல் ஒரு பக்கம், தை மாதம் ஒரு பக்கம். நீல கேட்டிலிருந்து, இது வேறு போஸ்டிங், இது கட்டாயம் நிரந்தரம் என்று மறுபடி போன் வந்தபோது அவன் போனான். தன்னை ஒருமுறை ஏமாற்றியவனை மனிதன் சந்தேகிப்பான். தனக்கு வேண்டியதைக் கையில் வைத்திருப்பவனை மட்டும் மறுபடி நம்புவான்.

அன்றைக்கு அவன் இரண்டு ஷிப்ட் சேர்த்து ஓ.டி. பார்த்துவிட்டு நேராக வந்திருந்தான். காலில் நரம்பு துடித்தது. ஜெபகுமாரின் புதிய சங்கடம் வேறு: ரோலிலிருந்து வெட்டிய பீடிங் பிறகு சுருங்கிப்போகிறது, கதவில் மாட்டினால் முனையும் முனையும் சேர்வதில்லை. இதைப் பற்றி இசக்கிபாண்டிக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்தான். இல்லாத வேலை போய்விடுமே என்று பயப்படுவதுதான் இன்டர்வியூ. அவன் மனதில் அந்த நேரத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, எங்காவது காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பது. அது வாய் வழியாக வந்துவிட்டது.

“எங்க கம்பெனில ரப்பருக்கு ஓய்வு குடுப்போம் சார்.”

தட்டச்சு நின்றது. ஜெபகுமார் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். எவ்வளவு நேரம் என்றார். ஒரு ஷிப்ட் முழுக்க என்றான். எப்படி? ரோலைப் பிரித்து, நீட்டி, படுக்க வைத்து. எங்கே? ஏசி ரூமில். ஏசி எதற்கு?

“வேர்க்கக் கூடாதுல்லா சார்.”

தன்னைத் துரத்திவிடுவார்கள் என்று அவன் எழுந்திருக்கத் தயாரானான். ஆனால் ஜெபகுமார் முகத்தில், படித்த காலத்துக் காதலியைப் பஸ்ஸில் பார்த்தவர்போல ஒரு வெளிச்சம். ரிலாக்ஸேஷன், என்றார் மெதுவாக. பொய்க்கு இங்கிலீஷில் ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அப்புறம் அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. அதைவிடக் கொடுமை, அது பொய்யாகவும் இல்லாமல் போனது. இழுத்துச் சுற்றிய ரப்பர் சும்மா கிடந்தால் தன் இயல்பான நீளத்துக்கு வந்துவிடுமாம். புத்தகத்திலேயே இருக்கிறதாம். புத்தகம் ஜெபகுமாரின் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. ஆனால் அலமாரி கேட்டுக்கு உள்ளே இருந்ததே!

வழக்கம்போல அவனைக் கூப்பிடவில்லை. ஓய்வறை மட்டும் வந்தது. கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம், வரிசையாக மெத்தென்ற தட்டுகள், ‘செருப்பைக் கழற்றவும்’ என்ற பலகை. உள்ளே கறுப்பு ரப்பர் பட்டைகள் கால் நீட்டிப் படுத்திருந்தன. வெளியே லைனில், ஷிப்ட் முழுக்க நிற்கிற கான்ட்ராக்ட் ஆட்கள் உட்கார ஸ்டூல் கேட்டு ஆலோசனைப் பெட்டியில் போட்ட சீட்டுகள், சாவி தொலைந்த பூட்டுக்குப் பின்னால் தாமும் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. டீ பிரேக்கில் பெண்கள் அந்தக் கண்ணாடியில் முதுகைச் சாய்த்துக்கொள்வார்கள். கொஞ்சம் குளிர்ச்சி இந்தப் பக்கமும் கசியும். கண்ணாடியில் எண்ணெய்க் கறை படிகிறது என்று செக்யூரிட்டி வந்து எழுப்பிவிடுவார்.

சுருக்கம் குறைந்தது. தலைமை அலுவலகம் விருது கொடுத்தது: வெளியறிவை உள்வாங்கிய சிறந்த ஆலை. ரகுபதியும் ஜெபகுமாரும் கேடயத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கும் படத்தை ரகுபதியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இசக்கிபாண்டி பார்த்தான். அதே வாரம் பச்சை கேட்டில் அவன் கார்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இப்போது மஞ்சள் கேட்டிலிருந்து அழைப்பு. அவர்களும் பீடிங்தான் செய்கிறார்கள். நீல கேட்டில் ரப்பரைப் படுக்க வைக்கிறார்களாமே, அது தெரிந்த ஆள் வேண்டுமாம். இசக்கிபாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். அந்த முறையைச் சொன்னதே நான்தான் என்றான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீல கேட்டில் எவ்வளவு காலம் வேலை பார்த்தீர்கள் என்றார்கள். வேலையே பார்த்ததில்லை என்றான். பிறகு எப்படி என்றார்கள். அந்தக் கேள்விக்கு அவனிடம் உண்மை மட்டுமே இருந்தது, அது எடுபடவில்லை. அனுபவம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே சமோசாகூட இல்லை, பிஸ்கட்.

கார்த்திகை பிறந்துவிட்டது. சுகப்பிரியா பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் ராஜபாளையம் இடத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தாள். அந்தப் பேசாமல் இருப்பது அவனுக்கு நன்றாகக் கேட்டது.

அப்போதுதான் ரகுபதி மறுபடி போன் செய்தார். இந்த முறை இசக்கிபாண்டி, ரப்பரைப் பற்றி எனக்கு இதற்கு மேல் எதுவும் தெரியாது சார் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டான். ரகுபதி சிரித்தார். விஷயம் வேறு. இப்போதெல்லாம் வருகிற பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. ஜெபகுமாரின் இங்கிலீஷைக் கேட்டதும் உறைந்துபோகிறார்கள்.

“உன் மூஞ்சியப் பாத்தா அதுங்க பேசும். தெக்கத்திக்காரன் வேற. இந்தாண்ட வந்து ஒக்காந்துக்க, கேள்வி நீ கேளு. பெர்மனென்ட், இன்னா சொல்ற?”

அவன், “எப்ப ஜாயின் பண்ணணும் சார்?” என்றான்.

மாசானம் அன்றைக்கே தலையாட்டினார். சுகப்பிரியாதான் அது என்ன வேலை என்று விசாரித்தாள். சொன்னான். பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க ஹாஸ்டல்ல இருந்தும் அங்க ரெண்டு பிள்ளைய போச்சி. வேல கெடச்சிரும்னு வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டு, பொறவு அழுதுகிட்டு கெடந்துச்சுவ,” என்றாள். பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “சரி, பெர்மனென்ட்தான?” என்றாள். அருவருப்பையும் நிம்மதியையும் ஒரே முகத்தில் வைத்திருக்க அவளுக்கும் தெரிந்திருந்தது.

அவன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த முதல் ஞாயிறு வந்தவள் வேல்விழி. மஞ்சள் கேட்டில் பேக்கிங் லைன். படப்பையில் தங்கல். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். அன்று காலை பல் விளக்கும்போது இசக்கிபாண்டி ஒரு முடிவு செய்திருந்தான்: யார் வந்தாலும், ரகுபதிக்குத் தெரியாமல், கண்ணாலாவது ஒரு சாடை காட்டிவிட வேண்டும். தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடாதே என்று.

அதற்கு அவள் நேரம் கொடுக்கவில்லை. உட்கார்ந்ததும் அவளே கேட்டாள்.

“சார், இந்த வேலை நெசமாவே இருக்குதா?”

அவனை வாழ்நாளில் முதன்முதலாக ஒருவர் சார் என்று அழைத்தது இப்படித்தான். ரகுபதி தன் போனைப் பார்த்துக்கொண்டார். ஜெபகுமாரின் விரல்கள் காத்திருந்தன. கழுத்தில் புதுக் கயிறு, நீலம்.

“இருக்கு,” என்றான் இசக்கிபாண்டி.

வேல்விழி அவன் முகத்தைப் பார்த்தாள். அவசரமில்லாமல், கடையில் தக்காளியைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து ஒரு சமோசாவை எடுத்துக் கடித்து, மென்று, விழுங்கிவிட்டு, கேளுங்க சார் என்றாள்.

ஓய்வெடுத்த பட்டைகளில் சில ஒரு முனையில் மட்டும் லேசாக வளைந்துகொள்கின்றன. உங்கள் கம்பெனியில் இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று அவன் கேட்டான்.

“எங்க கம்பெனில இப்ப ரப்பரப் படுக்க வெக்கிறாங்க சார். ஆனா வடக்க தலை வெச்சுப் படுக்க வெக்க மாட்டோம்.”

அவள் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. இசக்கிபாண்டி அவளைப் பார்த்தான். பொய் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதைப் பெற்றவன் அவன். இது தன் பொய்யின் தங்கை. அவன் ‘இருக்கு’ என்று சொன்ன அந்த நொடியிலேயே இவளுக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்வதற்குத் தகுதியான ஆள் எதிரே இல்லை என்று முடிவு செய்துவிட்டாள். ரகுபதியின் எதிரே அவனும் கடைசியில் பொய்தான் சொன்னான். ஆனால் அவனுக்கு அதற்கு இரண்டாவது ஞாயிறு வரை ஆனது. இவளுக்கு ஒரு சமோசா முடிவதற்குள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், இது கதை என்று. ஆனால் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்கள். ஓய்வறையின் கதையையும் சொல்ல வேண்டி வரும். கேடயம், நீலக் கயிறு, தை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தன.

“கரீட்டுதாம்பா,” என்றார் ரகுபதி, போனிலிருந்து முகத்தை எடுத்து. “எங்க வூட்லயும் வடக்கால தலை வெக்க வுட மாட்டாங்க. அதுல ஏதோ காந்தம் கீது.”

ஜெபகுமாரின் விரல்கள் தயங்கின. அவர் முகத்தில் மறுபடி அந்த வெளிச்சம் வரத் தொடங்குவதை இசக்கிபாண்டி பார்த்தான். வரக்கூடாதே என்று ஒரு கணம் உண்மையாகவே வேண்டிக்கொண்டான்.

“ஓரியன்டேஷன்,” என்றார் ஜெபகுமார். தட்டச்சு தொடங்கியது.

நாங்கள் கூப்பிடுவோம் என்று இசக்கிபாண்டி சொன்னான். தெரியும் சார் என்றாள் வேல்விழி. போகும்போது இன்னொரு சமோசாவைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. அவள் கொடுத்துவிட்டுப் போனதற்கு அது குறைவுதான் என்று மூன்று பேருமே நினைத்தார்கள், மூன்று விதமாக.

மறுநாள் ஓய்வறையில் தட்டுகளின் போல்ட்டைக் கழற்றினார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ரப்பர்களை ஒவ்வொன்றாக எழுப்பாமல் தூக்கி வெளியே வைத்தார்கள். அன்றைக்குத்தான் முதன்முறையாக அவர்களுக்கு ஏசிக் காற்று முழுசாகக் கிடைத்தது. போனில் திசை காட்டியைத் திறந்து எது வடக்கு என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு இசக்கிபாண்டிக்கு வந்தது. இந்த மாதிரி விஷயத்தை எல்லாம் பெர்மனென்ட் ஆள்கிட்டதான் நம்பி ஒப்படைக்க முடியும் என்று ரகுபதி சொல்லியிருந்தார்.

இசக்கிபாண்டி வடக்கைக் காட்டினான். ஒரு பீடிங்கின் இரு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டிருந்த பெண், மரியாதையாகத்தான் கேட்டாள்.

“சார், இதுல தலை எது, கால் எது?”

கறுப்பாக, ஒரே தடிமனில், இரண்டு முனையும் ஒன்றுபோல இருந்தது பட்டை. இசக்கிபாண்டி இரண்டு முனையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு ஒரு முனையைக் காட்டினான்.